மின்விசிறி மாட்டும் கலை

1934-இல் அணை எழுந்து, 1937-இல் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கிய மேட்டூருக்கு வெகு தூரத்தில் இல்லாத தொப்பூரில், கணவாய்ப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் உமிழும் சித்திரை மாதத்தில், சுவரில் முன்பே இருக்கும் சுவிட்சுக்குப் புதிதாக ஒரு மின்விசிறியை இணைத்துத் தரும் தொழிலாளியின் சாமர்த்தியம் ரசிக்கத்தக்கது.

மெயினை அணைத்து, அணைந்ததா என்று டெஸ்டரால் சோதித்த பிறகே அவர் கம்பியைத் தொடுகிறார். பேஸ் கம்பி சுவிட்சுக்குள் புகுந்து, ரெகுலேட்டர் வழியாக விசிறியை அடைய, நியூட்ரலோ எங்கும் தடைபடாமல் நேரே செல்ல வேண்டும் என்பதே இவ்வித்தையின் சூட்சுமம். மாற்றி இணைத்தாலும் விசிறி சுற்றத்தான் செய்யும், ஆனால் சுவிட்சை அணைத்த பின்னும் அதனுள் 230 வோல்ட் மின்சாரம் பதுங்கியிருக்கும் என்பதால், இந்தப் பிழை கண்ணுக்குப் புலப்படாத அபாயமாகும். பச்சைக் கம்பி எர்த்துக்கு.

இரண்டரை மைக்ரோஃபாரட் அளவேயான கண்டென்சர்தான் சுழற்சிக்கு முதல் உந்துதலை அளிக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமே. வேகத்தைக் குறைக்கும்போது மிச்ச மின்சாரத்தை வீண் உஷ்ணமாக்கிச் சுவரில் கனன்ற பழைய ரெகுலேட்டர் பெட்டியிடம் (அதன் கம்பீரமான குமிழைத் தவிர) எனக்கு அபிமானமில்லை.

கொக்கியில் மாட்டி, போல்ட்டை முறுக்கியபின் அதன் முனையில் பிளவு ஊசியையும் செருகி இருபுறமும் மடக்கிவிடுகிற நிதானத்தையே நான் பெரிதும் மெச்சுவேன். அதைக் கப் மூடிவிடுவதால் வீட்டுக்காரர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.