பதவிப் பெயரும் ஆட்சிப் பொருளும்: அந்தமானில் லோகநாதன், 1944

0. முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க்கால அந்தமானைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் ‘ஆளுநர்’, ‘ஒப்படைப்பு’ என்னும் சொற்களை ஆள நேர்கின்றது. இச்சொற்கள் சுட்டும் அதிகாரம் 1944இல் இருந்ததா என்பதையும், அப்பதவியை வகித்த ஏ. டி. லோகநாதனின் குறைபாடு எத்தகையது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. அறிவிப்பும் நிகழ்வும்

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டில் ஜப்பானியப் பிரதமர் டோஜோ, இத்தீவுகளை ஆசாத் இந்து அரசிடம் விரைவில் ஒப்படைக்க ஆயத்தமாயிருப்பதாக அறிவித்தார். அவ்வறிவிப்பு எதிர்காலத்தை நோக்கியதேயன்றி முற்றுப்பெற்ற செயலைக் கூறியதன்று. டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றினார். தீவுகளுக்கு ‘ஷஹீத்’, ‘ஸ்வராஜ்’ என்னும் புதுப்பெயர்கள் வழங்கப்பட்டன. பெயர் மாறியதேயன்றி அதிகாரம் கைமாறவில்லை. 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு ஜப்பானியரால் சுட்டுக் கொல்லப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

2. பதவியின் பொருள்

1944 பிப்ரவரியில் லோகநாதன் தலைமை ஆணையராகத் தீவுக்கு வந்தார். இவர் தமிழர்; படை மருத்துவர். ஆங்கிலேயர் ஆட்சியிலும் தீவின் தலைவர் தலைமை ஆணையர் என்றே அழைக்கப்பட்டார். அன்று அப்பெயர் காவல், சிறை, வருவாய் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது. பெயர் அவ்வாறே தொடர்ந்தமையால், பழைய பொருளும் உடன் வந்ததாகக் கேட்போர் கொண்டனர். உண்மை வேறு. போர்க்காலப் பாதுகாப்பைக் காரணங்காட்டி, முழு ஒப்படைப்பு இயலாது என ஜப்பானியர் மறுத்தனர். காவல்துறை முழுமையாகத் தரப்படாததால் பிற துறைகளை ஏற்க லோகநாதன் இசையவில்லை. அவர் ஏற்றது கல்வித்துறை ஒன்றே.

1945 டிசம்பரில் டில்லிச் செங்கோட்டை வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாக அவரே இதனைக் கூறினார். தற்காலிக அரசுக்கு நிலப்பரப்பு இருந்தது என நிறுவ வேண்டிய எதிர்த்தரப்புக்கு ‘ஒப்படைப்பு’ என்னும் சொல் தேவைப்பட்டது. ‘கல்வித்துறை மட்டும்’ என்னும் விடையோ அச்சொல்லின் பொருளைச் சுருக்கியது. ஒரு சாட்சியமே இரு வாதங்களுக்கும் இடமளித்தமை நோக்கத்தக்கது.

3. குறைபாட்டின் இயல்பு

லோகநாதனின் தோல்வியைத் திறமையின்மை எனக் கொள்வது பொருந்தாது. 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் ரங்கூனை விட்டகன்றபொழுது, ஆங்கிலேயப் படை வரும்வரை நகரின் அமைதியைக் காத்தது இவர் தலைமையில் இருந்த இந்திய தேசிய இராணுவமே. அங்கு இவர்வசம் படை இருந்தது. அந்தமானில் காவலர்கூட இல்லை.

ஆயினும் கருவியின்மை முழு விடையாகாது. காவல்துறையின்றி ஆட்சியில்லை என உணர்ந்து பிற துறைகளை மறுத்தவர், பதவிப்பெயரை மறுக்கவில்லை. உடல்நலம் குன்றி 1944இன் பிற்பகுதியில் தீவை விட்டு அகலும்வரை அப்பெயருடனேயே இருந்தார். அதிகாரத்தை ஏற்கத் தயங்கிய அவர், அதன் அடையாளத்தைத் துறக்கவும் தயங்கினார். அவ்வடையாளம் பிறர் கொடுமைக்குத் திரையாக அமைந்தது. தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையிலான செய்திவழி ஜப்பானியர் கையில் இருந்தமையால், வெளிப்படையான எதிர்ப்புக்கு வாய்ப்புக் குறைவு என வாதிடலாம். அவ்வாதம் மௌனத்தை விளக்குமேயன்றி, மௌனத்தின் விளைவை நீக்காது.

4. முடிவுரை

1945 ஆகஸ்டில் பெருந்தொகையான மக்கள் ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டு மாண்டனர். 2018இல் அத்தீவு ‘ஸ்வராஜ்’ என்னும் பெயரைப் பெற்றது. பெயருக்கும் நிகழ்வுக்கும் இடையிலான தொலைவை இது மீண்டும் உணர்த்துகின்றது. எனவே, இக்கால ஆவணங்களை மொழிபெயர்ப்போர் லோகநாதனை ‘ஆளுநர்’ என்னாது ‘தலைமை ஆணையர்’ என்றும், நிகழ்ந்ததை ‘ஆட்சி மாற்றம்’ என்னாது ‘ஒப்படைப்பு அறிவிப்பு’ என்றும் குறிப்பதே தகும். மிகைச்சொல் அவருக்கு இல்லாத அதிகாரத்தை அளிக்கின்றது. அதன் வழியே, அவர் செய்யாத கொடுமைகளின் பொறுப்பையும் அவர்மேல் ஏற்றுகின்றது. அவருக்கு உரிய பொறுப்பு, பொருளற்ற பெயரைத் தாங்கி நின்றமையே.