திரையும் விடைத்தாளும்: செய்நிரலாக்கக் கல்வி பற்றி ஒரு நோக்கு

கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் வரிசையை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘செய்நிரல்’ என்று வழங்குகின்றன. தமிழகத்தில் ‘நிரல்’ என்பதே பெருவழக்கு. இவ்விரண்டனுள் இலங்கை வழக்கே சிறந்ததெனத் துணிந்து கூறலாம். ‘நிரல்’ ஒழுங்கினைக் குறிக்கும் பழஞ்சொல். நிரனிறைப் பொருள்கோளைப் பயின்ற தமிழ் மாணவருக்கு அது புதியதன்று. அதன்முன் வந்து நிற்கும் ‘செய்’ அச்சொல்லை வினைத்தொகையாக்கி விடுகின்றது. செய்த நிரல், செய்கின்ற நிரல், செய்யும் நிரல் என முக்காலமும் அதனுள் ஒடுங்கி நிற்கின்றன. செயலின்றி இப்பொருள் இல்லை என்பதைக் கலைச்சொல்லை ஆக்கியோர், அறிந்தோ அறியாமலோ, பெயரிலேயே பொதித்து வைத்துள்ளனர். ஆயின் அப்பெயர் தாங்கிய பாடம் வகுப்பறையில் நிகழும் முறையை நோக்குமிடத்து, ‘செய்’ உதிர்ந்துபோக ‘நிரல்’ மட்டுமே எஞ்சுவதைக் காணலாம்.

இந்நாட்டுப் பாடசாலைகளிற் க.பொ.த. சாதாரண தரத்திற் பாஸ்கல் மொழியும் உயர்தரத்திற் பைதன் மொழியும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. தெரிவில் குறைகாண இடமில்லை. 1970ஆம் ஆண்டளவில் நிக்லஸ் வேர்த் பாஸ்கலை ஆக்கியதே கற்பித்தலை மனங்கொண்டுதான். 1991இல் வெளிவந்த பைதனோ தொடக்கநிலையாளருக்கு எளிமையாலும் தொழிலுலகுக்குப் பயனாலும் ஒருங்கே உகந்தது. குறை மதிப்பீட்டு முறையிலேயே உள்ளது. பெறுபேற்றைத் தீர்மானிப்பவை எழுத்து வினாத்தாள்களாயிருக்க, கற்பித்தலும் அவற்றையே பின்தொடர்கின்றது. மருதமுனை தொட்டு அக்கரைப்பற்று வரையிலான கரையோர ஊர்களின் மாலை வகுப்புகளிலும், நாட்டின் ஏனைய பகுதிகளைப் போலவே, செய்நிரல் வெண்பலகையில் எழுதப்பட்டுக் குறிப்பேட்டிற்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து விடைத்தாளைச் சென்றடைகின்றது. கணினியினூடாக அது செல்லவேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை.

இதனால் நேரும் இழப்பினை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். இரண்டு வயல்களின் விளைச்சலைக் கேட்டறிந்து கூட்டித் தரும் செய்நிரலொன்றைப் பைதன் 3இல் ஒரு மாணவர் எழுதுகிறார் என்க. முதல் வயலுக்கு 5 மூட்டை, இரண்டாவதற்கு 7 மூட்டை எனத் தட்டச்சிடுகிறார். திரையில் 57 என்று விடை வருகின்றது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. கணினி தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. விசைப்பலகை வழியே வந்தவற்றைப் பைதன் எண்களாகக் கொள்ளாது எழுத்துகளாகவே கொண்டு, ஐந்தையும் ஏழையும் அருகருகே ஒட்டிவிட்டது. இதே மாணவர் சாதாரண தரத்திற் பாஸ்கல் கற்றபோது மாறிகளை முழுவெண் என முற்கூட்டியே அறிவித்திருந்தமையாற் பன்னிரண்டைப் பெற்றிருப்பார். ஆகவே 57 அவரைத் திடுக்கிட வைக்கின்றது. தரவு வகை என்றால் என்ன, அது ஏன் வேண்டும் என்ற வினா அக்கணத்திலேதான் அவருள் உண்மையாக எழுகின்றது. தரவு வகைகளின் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்தவர் அதனை எழுதிப் புள்ளி பெறலாம். 57ஐக் கண்டவரே அதனை அறிவார். தாளில் எழுதியவர் விடை பன்னிரண்டு என்று தாமே எழுதிக்கொண்டு மேலே சென்றுவிடுகிறார். தாள் அவரை மறுத்துரைப்பதில்லை.

பைதனில் ஒரு வரி எவ்வளவு உள்தள்ளி நிற்கின்றது என்பதே பொருளைத் தீர்மானிக்கும். மீள நிகழவேண்டிய வரி சற்றே இடம்பெயர்ந்தால் ஒருமுறை மட்டும் நிகழும். கையெழுத்தில், கோடிட்ட தாளில், இவ்வுள்தள்ளலை எத்தனை பேர் பொருட்படுத்துவர்? பாஸ்கலில் ‘எல்ஸ்’ என்பதற்கு முன் அரைப்புள்ளி இடுதல் ஆகாது என்பதும் இத்தகையதே. விதியாகக் கேட்டால் மறந்துபோகும்; பத்து நிமிடம் தேடியலைந்து கண்டுபிடித்த அரைப்புள்ளி மறப்பதில்லை.

கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையைத் தன்னகத்தே கொண்ட கல்முனைப் பிரதேசத்தில் இவ்வுண்மையை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பாவின் இழை அறுந்தால் துணியே அதனைக் காட்டிவிடும். நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி முடிந்து, மீண்டும் தொடங்குவர். நெசவினை விரிவுரையாற் கற்பிக்கலாமென அங்கு எவரும் எண்ணியதில்லை. இவ்வொப்புமை வெறும் அணியழகன்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1804இல் பிரான்சில் ஜக்கார் அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளின் வரிசையால் பாவிழைகளை உயர்த்தித் தாழ்த்திப் பூவேலைகளை நெய்தது. அவ்வட்டை முறையையே சார்ல்ஸ் பாபேஜ் 1830களில் தாம் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1843இல் அப்பொறி பற்றி எழுதிய ஏடா லவ்லேஸ் அதன் தொழிலை ஜக்கார் தறியின் தொழிலோடு ஒப்பிட்டே விளக்கினார். செய்நிரலின் முன்னோர் தறிக்கூடத்திற் பிறந்தவர்கள் என்பது மிகையாகாது.

தடை ஆங்கிலமே என்று கூறுவோரும் உளர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரலாக்க மொழி இதற்கு விடைகாண முயன்ற குறிப்பிடத்தக்க முயற்சியாகும். அதன் அமைப்பினை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளியாயிற்று. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொற்களை இட்டு நிரப்புவதோடு அம்மொழி அமையவில்லை. நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னுமாக வரும் அதன் வாக்கிய அமைப்பு, எச்சம் முன்னின்று வினை பின்வரும் தமிழ் மரபுக்கு இயைந்தது. இது பாராட்டுக்குரியது. எனினும் ஆங்கிலத்தின் ‘வைல்’ என்பதற்கு எழிலில் ‘வரை’ என்ற சொல் நிற்பதைச் சிறிது நின்று நோக்கவேண்டும். ‘உயிருள்ளவரை’ என்றால் உயிர் இருக்கும் காலம் முழுவதும் எனப் பொருள்படும். ‘மழை பெய்யும்வரை’ என்றாலோ மழை பெய்யாதிருக்கும் காலமே குறிக்கப்படும். ஒரே ‘வரை’ நிபந்தனை நீடிக்கும் காலத்தையும் அது வாய்க்கும் எல்லையையும் சுட்டுகின்றது. எழில் கருதுவது இவற்றுள் முன்னையதையே. இதனைத் தமிழறிவு மட்டும் கொண்டு தெளிதல் அரிது. இயக்கிப் பார்த்தே தெளியவேண்டும். தாய்மொழியிலமைந்த நிரல் மொழியும் கைப்பயிற்சிக்கு ஈடாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

மேலும், பைதனின் கட்டளைச் சொற்கள் நாற்பதைத் தாண்டா. அவற்றை ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளலாம். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரிட விழைவோருக்கும் பைதன் 3 இடந்தருகின்றது: ‘மூட்டை’ என்பதே ஒரு மாறியின் பெயராக நிற்கலாம். மொழி உண்மையில் இடறும் இடம் வேறு. செய்நிரல் முறிந்து நிற்கும்போது திரையில் தோன்றும் ஆங்கிலப் பிழைச்செய்தியே அது. அச்செய்தியைத் திட்டு எனக் கொண்டு திரையை மூடிவிடும் மாணவருக்கு, அது எத்தனையாவது வரியில் எந்தப் பெயரை அறியவில்லை என்று கூறுகின்றது எனத் தமிழில் எடுத்துரைக்க ஒருவர் அருகிருத்தல் வேண்டும். தமிழ்வழிக் கணினி நூல்களையும் எழில் முதலிய மொழிகளையும் மதிப்பிடுவோர், எத்தனை சொற்களைத் தமிழாக்கின என்று எண்ணுவதை விடுத்து, பிழை நேரும் அக்கணத்தில் மாணவருக்கு என்ன சொல்கின்றன என்று வினவுவதே பொருத்தமாகும்.

1967இல் பிறந்த லோகோ மொழியை ஆக்கியோருள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், 1980இல் வெளியான தமது நூலில், பிழையைத் தோல்வியாகக் கருதாது, தேடித் திருத்தும் பயிற்சியையே கல்வியாகக் கொள்ளவேண்டுமென வாதிட்டார். நமது தேர்வு முறைக்கு இது நேர் எதிரானது. விடைத்தாளிற் பிழை புள்ளியிழப்பாகவே முடிகின்றது. முதல் முயற்சியிற் பிழையின்றி ஓடும் செய்நிரல் அனுபவமிக்கோருக்கும் அரிது. எனவே பிழைக்கு அஞ்சப் பழக்கப்பட்டவர் இத்துறையுட் புகுமுன்னரே விலக்கப்பட்டவராகிறார். உயர்தரத்தில் மேலான சித்தி பெற்றோரும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வெற்றுத் திரைமுன் செயலற்று அமர்ந்திருப்பதன் காரணம் இதுவே. அவர்கள் அதனைத் தமது ஆங்கிலக் குறைபாடென்றே பெரும்பாலும் எண்ணிக்கொள்கின்றனர்.

இத்தனையும் கூறியவிடத்துத் தாளில் தடம்பார்த்தல் வீண் என்று கொள்ளலாகாது. மாறிகளின் பெறுமானங்களை வரிக்கு வரி அட்டவணையிட்டுப் பின்தொடர்வது மிக்க பயனுடைய பயிற்சி. ஆனால் 57 எவ்வாறு வந்தது என்று அறியும் தேவை முன்னர் எழவேண்டும்; அட்டவணை பின்னரே வரவேண்டும். ஒரு கணினியை இருவர் மூவர் பகிர்ந்துகொள்ளும் பாடசாலைக் கூடத்திலும் இது இயலக்கூடியதே. ஒருவர் தட்டச்சிட, மற்றவர் விளைவை முன்னறிந்து கூற, மூன்றாமவர் பிழையைக் குறித்துக்கொள்ளலாம். கணினி கிட்டாத இடத்திற் கைத்தொலைபேசியே போதும். பைதனை அதிலும் இயக்கலாம். விரல் நுனியால் அடைப்புக்குறியையும் முக்காற்புள்ளியையும் தேடித் தட்டுவது எரிச்சலூட்டும் வேலைதான். ஆயினும் ஐந்தையும் ஏழையும் கூட்டுமாறு பணித்து விடையைக் கண்டு வியப்பதற்கு நான்கு வரிகளுக்குமேல் வேண்டியதில்லை. மாலை வகுப்பில் வெண்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் பலரின் சட்டைப்பையில் அக்கருவி அணைத்து வைக்கப்பட்டே கிடக்கின்றது.