திரும்பி வரவும் தெம்பு வேண்டும்

பாக்கு நீரிணையை ஒருமுறை நீந்திக் கடப்பதே பெரிய காரியம். தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி 1954 இல் அதைச் செய்துகாட்டினார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1970களில் இந்தியக் கரைவரை போய், அப்படியே நீந்தித் திரும்பியும் வந்தார். எடுத்த நேரம் 51 மணித்தியாலம்.

அக்கரையைத் தொட்டபோது அவருக்குப் பாதி வேலைதான் முடிந்திருந்தது. அந்த இடத்தில் தோளில் எவ்வளவு தெம்பு மிஞ்சும் என்பது புறப்பட்ட முதல் சில மணித்தியாலங்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடும். உற்சாகத்தில் விரையும் கையிடம் கடல் கடுவட்டி வாங்கும். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 10 சதவீதம் விரைவாக நீந்துபவர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதல் வலுவைச் செலவிட வேண்டும்.

ஆனந்தனின் சாதனையை 2021 ஏப்ரலில் முறியடித்த விமானப்படை வீரர் றொஷான் அபேசுந்தர, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி போய்த் திரும்ப 28 மணித்தியாலம் 19 நிமிடம் எடுத்தார். சராசரி வேகம் மணிக்கு இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றே மேல். கரையில் ஆறுதலாக நடப்பவர்கூட அவரை முந்தியிருப்பார்.

தெம்பை அளந்து செலவிடும் இந்தக் கணக்கு யாழ். குடாநாட்டுத் தோட்டக்காரருக்குப் புதிதன்று. நீரிறைக்கும் இயந்திரம் வருவதற்கு முன், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் துலா மிதித்தே தண்ணீர் இறைத்தார்கள். துலாவில் முன்னும் பின்னுமாக நடப்பவரின் அடியும், கீழே பட்டை பிடிப்பவரின் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். முதல் பாத்திக்கே ஓடி மிதித்தவர் கடைசிப் பாத்திக்கு வரும்போது ஓய்ந்துவிடுவார். கடைசிப் பாத்திப் பயிருக்கும் அதே அளவு தண்ணீர் வேண்டும்.

தொழிலால் சட்டத்தரணியான ஆனந்தன், 1980 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்கா அரங்கில் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். வேகத்துக்கு அங்கே இடமே இல்லை. வேண்டாத தசையைத் தளர்த்தி, வேண்டிய தசையை மட்டும் வேலைவாங்கும் பொறுமைதான் முழு ஆட்டமும்.

ஆனால் அளந்து செலவிடத் தெரிந்தவருக்கும் கடலுக்குக் கடல் கணக்கு மாறும். ஆங்கிலக் கால்வாயின் நீர் ஓகஸ்டிலும் ஏறத்தாழ 17 பாகை செல்சியஸ்தான். வல்வெட்டித்துறைக் கடலின் இளஞ்சூடு அங்கே இல்லை. நீச்சலுக்கு வேண்டிய வலுவோடு, உடற்சூட்டைக் காக்கவும் உடல் தனியே செலவழித்தாக வேண்டும். 1984 இல் அந்தக் கால்வாயைக் கடக்க முயன்றபோதே ஆனந்தன் உயிர்நீத்தார்.

வல்வெட்டித்துறையில் இன்று அவர் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. அங்கு பழகும் பிள்ளைகளுக்கு முடிவு நேரத்தை மட்டும் சொல்லி அனுப்பாமல், முதற் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக எழுதிக் கொடுக்கலாம். 40 விநாடியில் போய் 55 விநாடியில் திரும்பிய பிள்ளை, அந்த 15 விநாடி எங்கே போனது என்று தானே தேடத் தொடங்கும்.