வழக்குரை காதையும் கடற்கரைக் கண்ணகி படிமமும்

1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், போப் முதலிய பெரும்பாலோர் நூல் செய்தோர். கண்ணகி ஒருத்தியே நூலினுள் வாழ்பவள். ஏனையோர் உருவம் பொருந்துமா என்பதற்கு அவர்தம் வாழ்க்கையை நோக்குகிறோம். கண்ணகி உருவத்திற்கோ இளங்கோவடிகளின் நூலே சான்று. ஆதலின் இச்சிலையை ஆராய்தல் ஒருவகையில் உரை ஆராய்ச்சியே ஆகும். 2001 திசம்பரில் இச்சிலை பெயர்க்கப்பெற்று, 2006 சூன் 3ஆம் நாள் மீண்டும் நிறுவப்பெற்றது. இடைப்பட்ட காலத்தெழுந்த சொற்போர் சிலை இருத்தல் வேண்டுமா என்பது பற்றியதே. அது நல்ல சிலையா என்று வினவியோர் அரியர்.

சிற்பி தேர்ந்த நொடி வழக்குரை காதையினது. கூந்தல் விரிய, ஒரு கை சிலம்பை ஏந்த, மறு கை குற்றஞ்சாட்டி நீள நிற்கிறாள் கண்ணகி. செருமானியத் திறனாய்வாளர் இலெசிங்கு, 1766இல் வெளிவந்த 'இலாவோகூன்' என்னும் நூலில், சிற்பத்திற்கு உரியது உணர்ச்சியின் உச்சமன்று, உச்சத்தை நோக்கிச் செல்லும் நொடியே என நிறுவினார். உச்சத்தைக் கண்ட கண்ணுக்கு அதற்கு மேல் கற்பனை செய்ய இடமில்லை என்பது அவர் கருத்து. அவ்வளவையால் நோக்கின் சிற்பியின் தேர்வு செவ்விதே. சிலம்பு இன்னும் உடையவில்லை. உள்ளிருப்பது முத்தோ மாணிக்கமோ என்பது அவைக்குப் புலப்படவில்லை. பாண்டியன் உயிரோடு அரியணையில் இருக்கிறான். நூலறிந்தான் ஒருவனே அம்மூடிய சிலம்பினுள் மாணிக்கப் பரலைக் காண்கிறான். அறியாதான் சினந்த பெண் ஒருத்தியை மட்டும் கண்டு செல்கிறான்.

நொடி சரி, நிலைதான் ஐயத்திற்குரியது. அரண்மனை வாயிலில் அவளை முதலில் காண்பவன் வாயிற்காவலன். அவன் மன்னனிடம் அவளைப் புனைந்துரைக்கும் முறை தமிழ்க் காப்பியங்களில் தனித்து நோக்கற்குரியது. கொற்றவை, காளி எனச் சினங்கொண்ட தெய்வ மகளிரை ஒவ்வொருவராக எடுத்து, அவள் இவள் அல்லள், அவளும் அல்லள் என மறுத்துக்கொண்டே செல்கிறான். எஞ்சி நிற்பவள் கையில் ஒற்றைச் சிலம்புடைய, கணவனை இழந்த ஒருத்தி. தெய்வங்களை நினைவூட்டியும் விலக்கியும் ஒரு மானிடப் பெண்ணை அவ்விடத்து நிறுத்துகிறார் அடிகள். சொல்லுக்கு 'அல்லள்' என்று கூற இயலும், வெண்கலத்திற்கு இயலாது. ஓங்கிய கையை வார்த்தபின் அதை மறுப்பது எங்ஙனம்? அதனால் காவலன் விலக்கிய தெய்வச் சாயல் சிலையில் மீண்டும் வந்து ஏறிக்கொள்கிறது. அதனோடு மேடைச் சாயலும் கலந்துள்ளது என்பேன். 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' திரைப்படத்தைக் கண்டோர்க்கு அந்நிலை புதிதன்று.

இதே கடற்கரையில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை ஒப்புநோக்குக. தேவி பிரசாத் ராய் சௌத்ரி படைத்த அந்நால்வர்க்கும் பெயரில்லை, கதையில்லை. பாறையைப் பெயர்க்க முயலும் உடல்களே பொருளை முற்றும் உணர்த்துகின்றன. பாறை இன்னும் பெயரவில்லை. அதுவும் முடியாத நொடியே. ஆனால் அவர்கள் நம்மை நோக்கிப் பேசவில்லை. தம் வினையில் ஆழ்ந்துள்ளனர். கண்ணகி சிலையோ நம்மையே அவையாக்கி முழங்குகிறது.

கொங்கு நாட்டில் சிலம்பு கற்பிக்கும் எமக்கு வேறொரு குறையும் தோன்றுகிறது. உரைபெறு கட்டுரை, கொங்கிளங்கோசர் தம் நாட்டில் கண்ணகிக்கு விழவெடுத்ததனால் அங்கு மழை பொய்யாதாயிற்று எனக் கூறும். வரந்தரு காதையில் படிமத்தின்முன் நிற்கும் அரசருள் குடகக் கொங்கரும் உளர். வஞ்சி கருவூரே எனக் கொண்ட ரா. இராகவையங்கார் போன்றோர் கொள்கையை ஏற்பின், செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் எடுப்பித்த படிமம் நின்றதே இம்மண்ணில்தான். அவ்வழக்கை ஈண்டு விரித்தல் வேண்டா. நாம் கருதற்பாலது, இளங்கோவடிகளே ஒரு சிலையைத் தம் நூலுள் எழுப்பினார் என்பதும், அது சினத்தின் சிலையன்று என்பதுமே. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் எனக் காதைகளின் பெயர்களே கல் படிமமாகும் முறையை உரைக்கின்றன. கங்கையில் நீராட்டப்பெற்ற அக்கல்லில் உறைபவள் பாண்டியன் குற்றமற்றவன் என்று கூறும் அளவிற்குச் சினம் தணிந்தவள். 1968இன் சிற்பி மதுரைக் காண்டத்தோடு நூலை மூடிவிட்டார்.

சிலை சாலையை நோக்கி நிற்கிறது. காண்போர் பலரும் சாலைப்புறமிருந்தே காண்கின்றனர். சென்ற ஆண்டு மாணவர்களுடன் சென்றபோது மணற்புறமிருந்து அதனைக் கண்டோம். அங்கிருந்து நோக்கின் முகத்தின் சினம் தெரியவில்லை. தோளில் சரிந்த கூந்தலும், நெடுவழி நடந்து வந்த ஒருத்தியின் முதுகுமே தெரிந்தன. மாணவர் ஒருவர், வாயிற்காவலன் கண்டவள் இவளே போலும் என்றார்.