இரண்டு கண்ணி வித்தியாசம்

வேட்டிக்கும் புடவைக்கும் அளவு கிடையாது. உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் கொசுவம் கூடிக் குறைந்து சமாளித்துவிடும். ரவிக்கை சரியில்லை என்றால் டெய்லரிடம் சண்டை போடலாம். உள்ளே கொஞ்சம் துணி பிடித்து வைத்திருப்பார், பிரித்து விட்டுத் தருவார். கையால் பின்னிய ஸ்வெட்டருக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. சண்டை போட ஆள் இல்லை, பிரித்து விட உள்துணியும் இல்லை. வாரக்கணக்கில் பின்னி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, தலை வழியாக மாட்டிப் பார்க்கிற நிமிஷத்தில்தான் சங்கதி தெரியும். தோள் இறங்கிப் புஜத்தில் தொங்கும். இல்லையென்றால் கழுத்தில் தலையே நுழையாது.

பின்னியவருக்குக் கைத்திறன் போதாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. தையல்காரர் கையில் துணி ஏற்கெனவே இருக்கிறது. அவர் வெட்டினால் போதும். பின்னுகிறவர் துணியையும் உடுப்பையும் ஒரே வேளையில் உண்டாக்குகிறார். வெட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்து சரிபார்க்கும் அந்தக் கடைசிச் சந்தர்ப்பம் அவருக்குக் கிடைப்பதே இல்லை. இந்தக் கலையின் கஷ்டம் என்னவென்று எனக்குப் புரியவைத்தவை பொருந்தாத ஸ்வெட்டர்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். நடுத்தரப் பருமனுள்ள நூல், 4 மில்லிமீட்டர் ஊசி. பழைய நம்பர்படி கேட்டால் 8. இந்த ஊசிக்கும் நூலுக்கும் 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணி விழும் என்று பின்னல் புத்தகம் சொல்லும். மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டுமென்றால் 220 கண்ணி. உங்கள் கை சற்றுத் தளர்ந்து 20 விழுந்தால், அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிவிடும். கை இறுகி 24 விழுந்தால் 92-க்குள் முடிந்துவிடும். பத்து சென்டிமீட்டரில் இரண்டு கண்ணி கூடினதும் குறைந்ததும் பார்த்தால் பிடிபடாது, தடவினாலும் பிடிபடாது. உடம்பில் ஏறியதும் ஊருக்கே தெரியும்.

அதற்காகத்தான் முதலில் ஒரு சாண் சதுரத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, பிறகு கண்ணி எண்ணச் சொல்கிறார்கள். யாரும் செய்வதில்லை. நூல் வாங்கிய ஆவலில் நேரே வேலையில் இறங்கிவிடுவோம். மாதிரித் துண்டு பின்னியவர்களும் தப்புவதில்லை என்பது இன்னும் வேடிக்கை. துண்டு பின்னும்போது கவனமாக இருக்கிற கை, டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டு பின்னும்போது இளகிவிடும். மனசில் கோபம் இருந்தால் இறுகிவிடும். இடது கை ஒரு மாதத்திலும் வலது கை அடுத்த மாதத்திலும் பின்னப்பட்ட ஸ்வெட்டரில் இரண்டும் ஒரே நீளம் இருந்தால் ஆச்சரியம். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு கைகளையும் ஒரே ஊசியில், இரண்டு நூல் உருண்டை வைத்து, பக்கத்தில் பக்கத்தில் பின்னிக்கொண்டு போவார்கள். கோபம் வந்தால் இரண்டுக்கும் சேர்ந்து வரட்டும் என்று.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஸ்வெட்டரே தேவைப்படாத ஊரில். நிக்கோபார்த் தீவுகளில் உள்ள எங்கள் கேம்பல் பே கன்னியாகுமரிக்கும் தெற்கே, ஏழு பாகை அட்சரேகையில் இருக்கிறது. குளிர்காலம் என்று ஒன்று கிடையாது; மழை உண்டு, புழுக்கம் உண்டு. 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களை அரசு இங்கே குடியமர்த்தியது. காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். தமிழர், மலையாளி, தெலுங்கர், மராட்டியர் எல்லோரும் உண்டு என்றாலும், பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் கணிசம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, பீஜி என்றுதான் கூப்பிடுவோம், அப்படி வந்த குடும்பம். குளிரை விட்டுவிட்டு வந்தாலும் ஊசியை விட்டுவிட்டு வரவில்லை. வாசலில் மழை கொட்டும். உள்ளே மின்விசிறிக்கு அடியில் பீஜி, பனியனோடு திரியும் ஜனங்களுக்கு நடுவில், பாட்டில் பச்சை நிறத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார்.

பேரனுக்கு. பேரன் இருப்பது லூதியானாவில்.

நாட்டுக்கே ஸ்வெட்டர் போட்டு அனுப்புகிற ஊர் லூதியானா. அங்கே தெருவுக்குத் தெரு பின்னல் மெஷின்; கடைக்குப் போனால் சகாயமாகக் கிடைக்கும். பீஜி வாங்கும் நூலும் அங்கேயே நூற்றதுதான். அந்த நூல் ரயிலேறி, கப்பலேறி, போர்ட் பிளேரிலிருந்து இன்னும் இரண்டு மூன்று நாள் கடலில் மிதந்து இங்கே வந்து, ஸ்வெட்டராகி, வந்த வழியே திரும்பிப் போகிறது. போய்ச் சேரும்போது பையன் வளர்ந்திருப்பான். போனில் சொன்ன அளவு போனில் சொன்ன அன்றைக்குச் சரி.

போன முறை அனுப்பியது அப்படித்தான் திரும்பி வந்தது. அதை மடியில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். அடிப்பட்டை இரண்டு சீதா (நேர்க்கண்ணி) இரண்டு உல்ட்டா (தலைகீழ்க்கண்ணி), இழுத்து விட்டால் சுளீரென்று பழையபடி கூடிக்கொள்கிறது. நடுவில் ஒரு முறுக்குப் பின்னல், ஆறு வரிக்கு ஒருமுறை மாறி மாறி ஏறுகிறது. ஒரு முறுக்குகூட வரி தப்பவில்லை. வி-கழுத்தின் கூரில் ஒற்றைக் கண்ணி தூக்குக்குண்டு பிடித்தது மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, இருபுறமும் குறைத்த கண்ணிகள் அதைப் பார்த்துச் சாய்கின்றன. பின்பக்கம் திருப்பினேன். ரசிக்கத் தெரிந்தவர்கள் முதலில் திருப்புவது பின்பக்கத்தைத்தான். நூல் தீர்ந்து புது உருண்டை சேர்ந்த இடம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எல்லா முனைகளையும் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறார். கடை ஸ்வெட்டரில் இதை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவும் இருந்து, பையனுக்குக் கக்கத்தில் பிடித்திருக்கிறது. அகலம் சரி, கைக்குழி ஆழம் போதவில்லை. கண்ணிகளை எண்ணுகிறவர்கள் வரிகளைக் கோட்டைவிடும் வழக்கமான இடம் அது. அகலத்துக்கு 22 கண்ணி என்றால் உயரத்துக்கு அதே 10 செ.மீ.க்கு 28 வரி வேண்டும்; பீஜி உயரத்தைச் சாண் போட்டு அளக்கிறவர். இந்த ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு உலர்ந்த மாதிரியே இருக்கும். கனத்துத் தொய்ந்து கிடப்பதைச் சாண் போட்டால் கூடுதலாகத்தானே காட்டும்? லூதியானாவின் உலர்ந்த குளிரில் அது சுருக்கென்று தன் அளவுக்குப் போய்விடும்.

அளவே தெரியாமல் பின்னிய காலமும் நமக்கு உண்டு. 1962-இல் சீனப் போரின்போது சமவெளி வெயிலுக்கான பருத்திச் சீருடையோடு இமயமலைக்கு அனுப்பப்பட்ட ஜவான்களுக்காக, நாடெங்கும் பெண்கள் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார்கள். முகம் தெரியாத மார்புக்கு எத்தனை கண்ணி போடுவது? குளிரில் நிற்கிறவன் பொருத்தம் பார்க்க மாட்டான் என்பது ஒன்றே சமாதானம். அளவுத் தொல்லையே வேண்டாம் என்கிறவர்களுக்கு மஃப்ளர் இருக்கிறது, நம் மார்கழிக் குரங்குக் குல்லா இருக்கிறது. எந்தத் தலைக்கும் ஏறும். 2016-இல் சென்னையில் குரோஷே பின்னும் பெண்கள் கூடி, துண்டு துண்டாகப் பின்னியதை இணைத்து 11,000 சதுர மீட்டருக்கு மேல் ஒரு போர்வை விரித்து கின்னஸில் ஏறினார்கள். பிரமாதமான உழைப்பு. ஆனாலும் போர்வை யாருக்கும் பொருந்தாமல் போகாது. ஸ்வெட்டர் பின்னுகிறவர் எடுக்கும் துணிச்சல் வேறு வகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எலிசபெத் ஸிம்மர்மன் என்று ஒரு அம்மாள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், இந்தக் கலைக்கே வாத்தியார் என்று சொல்லலாம். மார்புச் சுற்றின் கண்ணி எண்ணிக்கையை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சதவீதத்தில் கணக்கிடச் சொன்னார்: கையின் மேல்பகுதிக்கு மூன்றில் ஒரு பங்கு, கழுத்துக்கு நாற்பது சதவீதம் என்கிற மாதிரி. அவருடைய இன்னொரு யோசனை இதைவிட ருசியானது. ஆளை அளக்காதே, அவருக்குப் பிடித்த பழைய ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி அதை அள. உடம்பின் அளவு வேறு, அந்த உடம்பு எவ்வளவு தளர்ச்சியை விரும்புகிறது என்பது வேறு. பீஜி இவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. இந்தத் தடவை பேரனின் பழைய பள்ளி ஸ்வெட்டரைப் பார்சலில் வரவழைத்திருக்கிறார்.

திரும்பி வந்ததைப் பிரித்தும் ஆயிற்று. பிரிப்பதைப் பார்ப்பதும் ஒரு காட்சி. ஓரத் தையலை அறுத்து, முடித்த இடத்து முனையைக் கண்டுபிடித்து இழுத்தால், ஒரு வரி பின் ஒரு வரியாக அவிழ்ந்து நூல் சுருள் சுருளாக வந்து விழும். பத்து நிமிஷத்தில் ஒரு வாரம் போய்விடும். அந்தச் சுருளோடு மறுபடி பின்னினால் கண்ணி கோணும், அளவு இன்னொரு தடவை ஏமாற்றும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் முக்கி, கீழே கனம் கட்டித் தொங்கவிட வேண்டும். லூதியானாவில் ஒரே வெயிலில் காய்ந்திருக்கும். இங்கே மழைக்காலத்தில் மூன்று நாள் தொங்கி, சமையலறை வாசனையையும் வாங்கிக்கொண்டது.

“கஷ்டமாக இல்லையா, பீஜி?” என்றேன்.

“நூல் எங்கே போயிற்று, பேட்டா? கையில்தானே இருக்கிறது” என்றார்.

புதியதில் கைகளைத் தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கிக் கீழ்முகமாகப் பின்னுகிறார். இங்கிலாந்து மீனவர்களின் ஸ்வெட்டர்களில் உள்ள பழைய தந்திரம் அது. நைந்த மணிக்கட்டைப் பிரித்துப் புதுசாகப் பின்னிக்கொள்ளலாம், நீளம் போதாவிட்டால் கூட்டிக்கொள்ளலாம். அதே பச்சையில் மிச்சமாகும் ஓர் உருண்டையும் பார்சலில் கூடவே போகப்போகிறது, இரண்டு அங்குலம் கூட்டுவதற்கு. லூதியானாவில் இருக்கும் மருமகளுக்குப் பின்னத் தெரியாது. அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு கிழவிக்குத் தெரியாமலா போகும் என்கிறார் பீஜி.