கைபேசியின் சுழிப்பிழை

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவனுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடம் ஒன்று உண்டு. திருகு அளவியின் இரு முகங்களும் ஒட்டியிருக்கும்போது அது சுழியைக் காட்டுகிறதா என்று பார். காட்டவில்லையென்றால் அந்தச் சுழிப்பிழையைக் குறித்துக்கொண்டு, பிறகு கம்பியின் தடிப்பை அளக்கத் தொடங்கு என்போம். அளவு தவறாக வந்தால் கம்பியைக் குறைகூறிப் பயனில்லை. முதலில் ஐயுற வேண்டியது கருவியை.

ஆய்வகத்தில் கற்ற இந்தப் பாடத்தை வீட்டு வாயிலிலேயே நாம் விட்டுவிடுகிறோம். பாட்டி கைபேசியைக் காதில் வைத்துச் சிறிது நேரம் திணறிவிட்டு, "நீயே பேசு" என்று பேத்தியிடம் நீட்டுகிறார். தாத்தா திரையைத் தொடுகிறார். வேண்டாத பக்கம் ஒன்று திறக்கிறது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். "வயதாகிவிட்டது, இனி அவர்களுக்கு இதெல்லாம் வராது" என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரியானதா? கைபேசி என்னும் கருவியை முதியவர் ஒருவரின் கையில் வைத்து, செவி, கண், விரல் என்ற மூன்று இடங்களில் சோதித்துப் பார்ப்போம்.

இது சிறிய செய்தியன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். தமிழ்நாட்டில் அவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். பிள்ளைகள் வேலை நிமித்தம் வெளியூர்களில் இருக்கிறார்கள். பிள்ளையின் குரல், வங்கிக் கணக்கு, மின்கட்டணம், மருத்துவரின் நேரம், உறவினர் வீட்டுத் திருமணச் செய்தி என யாவும் இன்று ஒரே கருவியின் வழியாகவே அவர்களை வந்தடைகின்றன. அந்த வாயில் அடைபட்டால் வீட்டிலிருந்தபடியே அவர்கள் உலகத்தை இழக்கிறார்கள்.

செவி சொல்லும் சான்று

என் தந்தையிடம் ஒருமுறை தொலைபேசியில், "பத்தாம் தேதி காலையில் வருகிறேன்" என்றேன். "சரி, சரி" என்றார். எட்டாம் தேதி காலையில் அவர் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார் என்பதைப் பின்னர் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அப்போதும் நான் அவருடைய மறதியையே குறைகூறினேன். ஒலியியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எனக்கு, அது ஒலியியல் கணக்கு என்று தோன்றவில்லை.

கணக்கு இதுதான். நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஒரு சுருள் இருக்கிறது. அதனுள் மயிரிழை போன்ற நீட்சிகளைக் கொண்ட உணர் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. சுருளின் தொடக்கத்தில் உள்ளவை உயர்ந்த அதிர்வெண்களையும், உள்முனையில் உள்ளவை தாழ்ந்த அதிர்வெண்களையும் உணர்கின்றன. முதுமையில் பெரும்பாலும் முதலில் நலிவடைபவை தொடக்கத்தில் உள்ள செல்களே. நலிந்தவை மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. எனவே முதியவரின் செவி எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. மேல் சுரங்களை முதலில் இழக்கிறது.

பேச்சில் உயிரெழுத்துகளின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. குரலின் உரப்பைத் தருபவை அவையே. சொல்லின் பொருளைப் பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகள். ப, த, ட, க என்ற வெடிப்பொலிகளின் வேறுபாடும் ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளும் உயர்ந்த அதிர்வெண்களையே நம்பியிருக்கின்றன. அவை நலிந்தால் 'கட்டு', 'கத்து' ஆகும். 'தப்பு', 'தட்டு' ஆகும். 'பத்தாம் தேதி', 'எட்டாம் தேதி' ஆகும். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறாய் என்பதுதான் விளங்கவில்லை" என்று முதியோர் கூறுவது சாக்குப்போக்கன்று. அது துல்லியமான அறிவியல் கூற்று.

இனித் தொலைபேசியின் பங்கைப் பார்ப்போம். பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்த வகுக்கப்பட்டது. கம்பிகளில் இடத்தைச் சிக்கனப்படுத்த எடுத்த முடிவு அது. இளம் செவிக்கு அது போதும். விடுபட்டதை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். முதியவருக்கோ இரண்டு வடிப்பான்களைத் தொடராக இணைத்தது போலாகிறது. தொலைபேசி ஒரு பகுதியை நீக்குகிறது. மிஞ்சியதில் மேற்பகுதியைச் செவி நீக்குகிறது. நேரில் பேசும்போது துணை செய்யும் உதட்டசைவும் இங்கு இல்லை.

அப்படியானால் உரக்கப் பேசலாமே? இங்கேதான் நாம் இரண்டாவது தவறைச் செய்கிறோம். கத்தும்போது உயிரொலிகளே மிகுதியாக வலுக்கின்றன. மெய்யொலிகள் அந்த அளவுக்கு வலுப்பதில்லை. மேலும், நலிந்த செவிக்கு மெல்லொலி கேட்காது. பேரொலியோ பழையபடியே உறுத்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி குறுகிவிடுகிறது. "சத்தமாகப் பேசு" என்ற தாத்தாவே அடுத்த நொடியில் "ஏன் கத்துகிறாய்?" என்று சினப்பதன் காரணம் இதுவே.

இதில் வரலாற்று முரண் ஒன்றும் உண்டு. 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதோருக்குப் பேச்சுக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாய் செவித்திறன் குன்றியவர். மனைவி முற்றிலும் காது கேளாதவர். அத்தகைய வீட்டில் பிறந்த கருவி, செவி குன்றியவர்களுக்கே கடினமான கருவியாக வளர்ந்தது.

மாற்று வழி இன்று இருக்கிறது. 4ஜி வலையமைப்பில் இருபுறமும் உரிய வசதி இருந்தால் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை பேச்சைக் கடத்த முடிகிறது. காணொளி அழைப்பில் உதடுகளும் தெரிகின்றன. ஆனால் இந்த வசதி எப்போது கிடைக்கிறது, எப்போது நழுவுகிறது என்பதைப் பயன்படுத்துவோருக்குக் கருவி தெளிவாகச் சொல்வதில்லை. ஒரு நாள் நன்றாகக் கேட்டு, மறுநாள் கேட்காமற்போனால் முதியவர் தம் காதையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்.

கண் சொல்லும் சான்று

வெள்ளெழுத்தை யாவரும் அறிவோம். இருபது வயதில் சுமார் 10 செ.மீ. தொலைவிலுள்ள பொருளைக்கூடக் கண் தெளிவாகக் காணும். அறுபதை நெருங்கும்போது, கண்ணாடியின்றித் தெளிவாகக் காணக்கூடிய அண்மைப்புள்ளி ஏறத்தாழ ஒரு மீட்டருக்குத் தள்ளிப்போய்விடுகிறது. கண்ணாடி இதைத் திருத்திவிடும். ஆனால் கைபேசி மணி ஒலிக்கும்போது கண்ணாடி எங்கே இருக்கிறது? பூசை அறையிலோ, செய்தித்தாளின் அடியிலோ இருக்கிறது. யார் அழைக்கிறார் என்று படிப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது.

கண்ணாடியால் திருத்த முடியாத குறைகளும் உண்டு. வயதேற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, விழிலென்சு மஞ்சளிக்கிறது. இருபது வயது விழித்திரையை அடையும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே அறுபது வயது விழித்திரையை அடைகிறது. மஞ்சளித்த லென்சு நீல ஒளியை மிகுதியாக உட்கவர்வதால் நீலச் சாயல்கள் மங்கி ஒன்றோடொன்று கலந்து தோன்றும். இத்தகைய கண்ணின் முன்னே, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்துகளை அழகென்று கருதி வைக்கிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் பொதுவாக 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக்கூடாது என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இலேயே நெறி வகுத்தது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் விகிதம் 21-க்கு 1. இருந்தும் வெளிர் எழுத்துகள் மறையவில்லை. அழகைத் தீர்மானிப்பவர்களின் விழிலென்சு இன்னும் மஞ்சளிக்கவில்லை போலும்!

விரல் சொல்லும் சான்று

இன்றைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. மின்னைக் கடத்தும் விரல் அருகே வரும்போது திரையின் மின்தேக்குதிறனில் ஏற்படும் சிறு மாற்றத்தையே அது உணர்கிறது. முதுமையில் தோலின் ஈரம் குறைகிறது. வறண்ட விரல் மெல்லத் தொட்டால் திரை சில வேளைகளில் அதைப் பொருட்படுத்துவதில்லை. முதியவர் என்ன செய்வார்? பழைய வானொலிப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பழகியவராதலால் இன்னும் அழுத்தமாக, இன்னும் நீண்ட நேரம் தொடுவார். சுமார் அரை வினாடிக்கு மேல் விரல் நிலைத்தால் திரை அதை வேறொரு கட்டளையாகக் கொள்கிறது. பெயரைத் தொட்டு மகளை அழைக்க முயன்றவர் முன்னே, அந்தப் பெயரை அழிக்கவா என்ற கேள்வி வந்து நிற்கிறது!

கை நடுக்கம் உள்ளவர்களின் நிலை இன்னும் கடினம். முதியோரிடம் காணும் ஒருவகை நடுக்கத்தின் அதிர்வெண் வினாடிக்கு 4 முதல் 12 வரை இருக்கும். அரை வினாடித் தொடுதலுக்குள்ளேயே விரல் பலமுறை அசைந்துவிடுகிறது. தொடுதல், இழுத்தலாகக் கருதப்படுகிறது. தொட வேண்டிய கட்டம் குறைந்தது 9 மி.மீ. அளவாவது இருக்க வேண்டும் என்று கைபேசி மென்பொருள் வல்லுநர்களே பரிந்துரைக்கிறார்கள். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியின் அளவை வாசகர்கள் தாங்களே அளந்து பார்க்கலாம்.

பழைய வானொலியில் ஒரு குமிழுக்கு ஒரு வேலை. நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். இருட்டிலும் கைக்கு அகப்படும். கைபேசித் திரையிலோ பொத்தான்களுக்கு நிலையான இடமில்லை. சிலவற்றில் தொட்டால் அழைப்பு இணைகிறது. சிலவற்றில் இழுக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் எல்லாம் இடம் மாறியிருக்கும். ஆறு மாதம் முயன்று கற்றவர் மீண்டும் முதல் வகுப்பில் அமர வேண்டியிருக்கிறது.

பெரிய பொத்தான் போதுமா?

முதியோருக்கென்றே பெரிய பொத்தான்களும் உரத்த மணியும் கொண்ட எளிய கைபேசிகள் விற்கப்படுகின்றன. அவை பலருக்கு உதவுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றிலும் ஒரு குறை உண்டு. ஒலி உரத்திருக்கிறது; தெளிவு கூடவில்லை. காணொளி இல்லாததால் உதட்டசைவும் போயிற்று. பேரனின் நிழற்படம், நாளிதழ், உறவினர் குழுவின் உரையாடல் எல்லாம் அவருக்கு மறுக்கப்படுகின்றன. எளிமையாக்குவதாகச் சொல்லி உலகத்தையே சுருக்கித் தருவது தீர்வாகாது.

கருவியைத் திருத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஓய்வூதியர்கள் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். இதை மின்னணு முறையில் செய்யும் 'ஜீவன் பிரமாண்' திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. விரல் ரேகையோ கருவிழியோ ஆதாருடன் பொருந்த வேண்டும். வயலிலும் அடுக்களையிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகைகளைக் கருவி எளிதில் படிப்பதில்லை. உயிரோடு எதிரில் நிற்பவரைப் பார்த்து, கருவி 'பொருந்தவில்லை' என்றது. 2020-இல் அஞ்சல்காரர் வீட்டிற்கே வந்து சான்று பெறும் வசதி வந்தது. 2021-இல் முகத்தைக் கொண்டே சான்றளிக்கும் முறையும் வந்தது. விரல்கள் மாறவில்லை, கருவி மாறியது. இதுவே நாம் எல்லாக் கருவிகளிடமும் கோர வேண்டியது.

நாம் செய்யக்கூடியவை

கருவி திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்கள் அரை மணி நேரம் செலவிட்டால் வீட்டிலேயே பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம். கைபேசியின் அமைப்புகளில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்; மாறுபாட்டைக் கூட்டுங்கள். நீள்தொடுதலுக்கான நேரத்தை நீட்டிக்கும் வசதியும் பல கைபேசிகளில் உண்டு. வேண்டாத செயலிகளை முகப்பிலிருந்து நீக்குங்கள். தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியைப் பழக்குங்கள். பேசும்போது கத்தாமல் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். காணொளியில் பேசினால் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுமாறு அமருங்கள். எண்களையும் நாள்களையும் இரு வழிகளில் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, செவியை மருத்துவரிடம் காட்டுங்கள். அறிவுத்திறன் சிதைவைத் தடுப்பது குறித்து ஆராய்ந்த லான்செட் ஆணைக்குழு 2017, 2020 ஆகிய இரு அறிக்கைகளிலும், தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாகச் செவித்திறன் இழப்பையும் சேர்த்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

செவி குன்றியவர்கள் புரியாதபோதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. இரண்டு முறை கேட்பார்கள். மூன்றாம் முறை "சரி, சரி" என்பார்கள். நாம் அதை உடன்பாடு என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது உரையாடலிலிருந்து அவர்கள் விடைபெறும் சொல்.

இப்போது நான் தந்தையிடம், "பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, சம்பளம் வாங்கிய அடுத்த வாரம்" என்று சொல்கிறேன். சன்னலுக்கு எதிரே அமர்ந்து பேசுகிறேன். சென்ற மாதம் அவர் "சரி, சரி" என்று சொல்லவில்லை, "எந்த வண்டியில் வருகிறாய்? சாப்பிட்டுவிட்டு வருவாயா, இங்கே வந்து சாப்பிடுவாயா?" என்று கேட்டார்.