கார்னரில் நிற்கிறவனுக்கு யார் கைதட்டுவது?

முடிச்சூர், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் என்று நம் தெற்குப் புறநகரில் எந்த மின்னொளி கபடிக்குப் போனாலும் கைதட்டல் பாடிப் போகிறவனுக்குத்தான். துடிப்பு, லாவகம், சுறுசுறுப்பு என்று கையிருப்பில் உள்ள நல்ல சொல்லையெல்லாம் ரெய்டருக்கே அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். கார்னரில் நிற்கிறவன் ஒரு ரெய்டைத் தொடாமல் விட்டால் மட்டும், "என்னடா வேடிக்கை பாக்குற, போய்ப் பிடிடா!" என்று வசவு. ஆட்டத்தை இதைவிடத் தப்பாகப் பார்க்க முடியாது.

இந்தப் பக்கத்து ஆட்டங்களில் நான் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு கார்னர் ஆட்டக்காரர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவர் நிற்கும் விதத்தைச் சொன்னாலே புறநகர் ரசிகர்களுக்குப் புரியும். ஒரு கை பக்கத்து 'இன்' ஆட்டக்காரரின் கையில் கோத்திருக்கும். குதிகால் லேசாகத் தூக்கியிருக்கும். ரெய்டரின் கை எவ்வளவு ஆட்டம் காட்டினாலும் அவர் பார்வை ரெய்டரின் இடுப்பை விட்டு நகராது. 'மந்தமான ஆள்' என்று சிலர் அவரைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

ஆண்கள் மேட்டில் போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே 1.75 மீட்டர்தான். கார்னரின் பிழைப்பு பெரும்பாலும் அதற்குள்தான். ரெய்டர் போனஸ் கோட்டை நோக்கி முன்காலை நீட்டுகிறான். அது பாசாங்கு என்றால் உடல் எடை பின்காலில் இருக்கும். நீட்டிய கால் நொடியில் திரும்பிவிடும். அதைப் பிடிக்கப் பாய்ந்த கார்னர் தொடுபட்டு வெளியே போவார். நிஜமாகவே போனஸ் எடுக்க வேண்டுமென்றால் பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். மொத்த எடையும் முன்காலில் இறங்கியே ஆக வேண்டும். பின்கால் தரையைத் தொடும்வரை அந்த முன்காலை அவனால் எடுக்க முடியாது. கணுக்கால் பிடிக்கு நேரம் அதுதான். இடுப்பு முன்னால் சாய்ந்ததா இல்லையா என்று பார்த்து, போகலாமா விடலாமா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பவரையா மந்தம் என்கிறோம்?

விட்டுக்கொடுப்பதிலும் கணக்கு இருக்கிறது. இரண்டு ரெய்டு வெறுங்கையோடு போனால் மூன்றாவது டூ ஆர் டை. புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட். முதல் இரண்டு ரெய்டில் பொறுத்த கார்னர், மூன்றாவதில் ரெய்டரை உள்ளே வரவழைக்கிறார். 30 நொடிக் கடிகாரமும் அப்போது கார்னர் பக்கம்தான் ஓடுகிறது.

ஐந்து பிடி போட்டால் 'ஹை ஃபைவ்' என்று எண்ணுகிறோம். பாய்வதுபோல் ஓர் அடி வைத்து, ரெய்டரைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்பிய ரெய்டுகளை எந்த ஸ்கோர் ஷீட்டும் எண்ணுவதில்லை. 1990 பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுக்குள் நுழைந்ததிலிருந்து கைமாறாத ஆண்கள் தங்கம் 2018 ஜகார்த்தாவில் கைமாறியது. என் கணக்கில் அதை மாற்றியது பிடிதான்.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சில சீசன்களில் ஏலத்தில் கார்னர்களின் விலை ரெய்டர்களை நெருங்கும். பாசாங்குக் காலை நம்பிப் பிழைத்த ரெய்டர்கள் வீடியோ அலசலில் அம்பலப்பட்டு, தோள் பலத்தில் தள்ளி வருகிறவர்கள் மேலே வருவார்கள். கண்ணகி நகரிலிருந்து பஹ்ரைன் வரை போய் 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கத்தோடு திரும்ப முடியும் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அடுத்து இங்கிருந்து நாட்டுக்கு ஆடப்போவது ஒரு கார்னராக இருக்கும் என்று அடித்துச் சொல்கிறேன்.

அதற்குப் பயிற்சியாளர்கள் ஒன்று செய்ய வேண்டும். உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இருக்கும்போது, சுற்றுவட்டாரப் பையன்களுக்கு ரெய்டு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. ஸ்கோர் ஷீட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள். எந்தக் கார்னர் எத்தனை ரெய்டை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார் என்று அதில் எழுதுங்கள். ஒரு சீசன் எழுதிப் பார்த்தால், யார் சுறுசுறுப்பு என்பதில் நமக்குள் சண்டையே இருக்காது.